ஏமாற்றுக்காரன் என்றொரு சொல்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைமீது ஏறும் பேருந்து, பல வளைவுகளைக் கடந்து ஜமுனாமரத்தூரில் வந்து நிற்கிறது. சாமையும் பலாவும் சீத்தாப்பழமும் விளைகின்ற மலை ஊர் இது. மலைத்தேனுக்கும் பெயர் பெற்றது. இங்கு வாழும் பழங்குடி மக்களை ‘மலையாளி’ என்று அழைக்கிறோம். இப்பெயரை முதன்முதலாகக் கேட்பவர், இவர்கள் கேரளத்திலிருந்து குடியேறியவர்கள் போலும் என்று எண்ணிவிடுவதுண்டு. அது தவறு. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்வது இவர்களுடைய வழிவழிக் கதை. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. கேரள மக்களின் பெயரோடு ஒலியால் மட்டும் ஒத்திருக்கிறது.

ஒரு பெயரை மேலோட்டமாகக் கேட்டு முடிவுக்கு வந்தால் எவ்வளவு தூரம் தவறிவிடுகிறோம், பாருங்கள்! இந்தத் தவறு ஒரு சிறு நகைப்போடு முடிந்துவிடுகிறது. ஆனால் வேறொரு சொல்லின் கதை அப்படி முடியவில்லை. அது பலரைச் சிறைக்கும் தூக்குமேடைக்கும் அனுப்பியது, சட்டங்களாகவும் வடிவெடுத்தது. அச்சொல் இன்று இளைஞர்களின் சட்டைகளிலும் கைப்பேசிகளிலும், 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்படத்தின் தலைப்பிலும் காணப்படுகின்ற ‘தக்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ஆகும். அதன் கதையில் ஓர் அத்தியாயம், ஜவ்வாது மலையைத் தன்னுள் கொண்டிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் எழுதப்பட்டது. அதனை இங்கே காண்போம்.

கூரையும் ஓடும் வஞ்சகனும்

‘தக்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் முரடன், அடியாள் என்று பொருள். ஆனால் இச்சொல் பிறந்த இடம் இந்தியா. இந்தியிலும் மராத்தியிலும் இதன் பொருள் வேறு. அங்கே இது ஏமாற்றுக்காரனைக் குறிக்கும். கடைக்காரர் எடையில் குறைத்தாலும் இச்சொல்லால் திட்டுவார்கள். கபீரின் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற பாடல் ஒன்று, மாயையைப் பெரிய ஏமாற்றுக்காரி என்று இச்சொல்லாலேயே சுட்டுகிறது. முரட்டுத்தனத்துக்கும் இரத்தத்துக்கும் இதில் இடமே இல்லை.

இதன் மூலம் வடமொழியில் உள்ள ‘ஸ்தக’ என்ற சொல் என்பர். வஞ்சகன் என்பது அதன் பொருள். ‘மூடு, மறை’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது வந்ததாகக் கருதப்படுகிறது. தன் உள்ளத்தை மூடி மறைப்பவன் வஞ்சகன்தானே! பேச்சு வழக்கில் முதலில் நின்ற ‘ஸ்’ உதிர்ந்தது. அடுத்து நின்ற ஒலி, மூச்சு கலந்த ‘ட’வாக மாறியது. இத்தகைய உதிர்வு புதுமையன்று. ‘ஸ்தானம்’ என்ற சொல் இந்துஸ்தானியில் ‘தானா’ என்றாகி, நம் தாத்தாக்கள் காவல் நிலையத்துக்கு வழங்கிய ‘தாணா’வாகத் தமிழுக்கு வந்தது. கள்வனைக் குறித்த சொல்லும் காவல் நிலையத்தைக் குறித்த சொல்லும் ஒரே முறையில் தேய்ந்திருக்கின்றன!

ஆங்கிலேயர் இந்த மூச்சொலியைக் காட்ட ‘ட’வுக்குரிய எழுத்தோடு ‘ஹ’வுக்குரிய எழுத்தைச் சேர்த்து எழுதினர். இங்கிலாந்தில் இருந்தவர்களோ, அவ்விரு எழுத்துக்களும் சேர்ந்து வந்தால் தம் மொழியில் எப்படி ஒலிப்பார்களோ அப்படியே படித்தனர். இவ்வாறு ‘டக்’ என்பது ‘தக்’ ஆயிற்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் மேலும் வியப்பு காத்திருக்கிறது. ‘மூடு’ என்னும் அந்த வேர், இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம் முழுவதும் கிளை விட்டிருப்பதாக மொழிநூலார் கருதுகின்றனர். கிரேக்க மொழியில் ‘ஸ்டெகோஸ்’ என்றால் கூரை. முதுகில் ஓடு வேய்ந்ததுபோல் தட்டுகளை உடைய ‘ஸ்டெகோசாரஸ்’ என்னும் தொல்விலங்கை நீங்கள் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயருக்குக் ‘கூரைப் பல்லி’ என்று பொருள். இலத்தீனில் ஓட்டைக் குறித்த ‘தெகுலா’ என்ற சொல், ஆங்கிலத்தில் ‘டைல்’ ஆகி, இன்று நம் வீட்டுத் தரையில் கிடக்கிறது. கூரை வேய்தலைக் குறிக்கும் ‘தாட்ச்’, முன்னால் மூடிக் காப்பதைக் குறிக்கும் ‘ப்ரொடெக்ட்’, மூடியதை விலக்குவதைக் குறிக்கும் ‘டிடெக்ட்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இவ்வேரைச் சேர்ந்தவையே. ஆகவே மறைப்பவனாகிய தக்கும், மறைத்ததைக் கண்டுபிடிக்கும் டிடெக்டிவும் சொல் உறவில் பங்காளிகள்!

சித்தூரில் பிடிபட்டவர்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. அதனையடுத்து பெங்களூர் அருகே சுமார் நூறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று பிடிபட்டது. அவர்கள் தனிவகைக் கொள்ளையர் என்பது அப்போது கம்பெனி அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. 1807-ஆம் ஆண்டில் சித்தூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மீண்டும் சிலர் பிடிபட்டனர். திருவிதாங்கூர் வரை சென்று கொள்ளைப் பொருளோடு திரும்பிய கூட்டத்தினர் அவர்கள். சித்தூர் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அங்கு மாஜிஸ்திரேட்டாக இருந்த ரைட் என்பவர் இத்தகையோரிடம் விரிவான வாக்குமூலங்களைத் திரட்டினார்.

அவர்கள் எப்படித் தொழில் செய்தார்கள்? அக்காலத்தில் வங்கி இல்லை, இரயில் இல்லை. வணிகர் பணத்தை ஆள்மூலம் அனுப்ப வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் சிப்பாய், பல மாதச் சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு வாரக்கணக்கில் நடக்க வேண்டும். தனிவழி செல்ல எவருக்கும் அச்சம். அந்த அச்சமே கொள்ளையரின் மூலதனம். யாத்திரிகராகவும் வணிகராகவும் வேடமிட்டு, “நாங்களும் அந்த ஊருக்குத்தான் போகிறோம், சேர்ந்தே போவோம்” என்று நயமாகப் பேசித் துணை சேர்வார்கள். ஒன்றாகச் சமைத்து உண்பார்கள். நம்பிக்கை முற்றிய பிறகு, ஆளரவமற்ற இடத்தில் துணியாலோ கயிற்றாலோ கழுத்தை நெரித்துக் கொன்று புதைத்துவிடுவார்கள். இறந்தவனைத் தேட எவரும் விரைவில் வரமாட்டார்கள். அவன் இன்னும் வழியில் இருப்பதாகவே வீட்டார் நினைத்திருப்பார்கள்.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ரிச்சர்டு ஷெர்வுட் இச்செய்திகளைத் தொகுத்து, 1816-ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த ஓர் இலக்கிய இதழில் கட்டுரையாக எழுதினார். 1820-இல் அது ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ என்னும் கல்கத்தா ஆய்வு வரிசையின் 13-ஆம் தொகுதியில் மீண்டும் அச்சாயிற்று. இக்கொள்ளையருக்கு வழங்கிய பெயர்களையும் அவர் குறித்து வைத்தார். அப்பட்டியல் நமக்கு மிகவும் பயனுடையது.

வடக்கே இவர்கள் ‘தக்’, அதாவது ஏமாற்றுபவர். தெற்கே அதிகாரிகள் வழங்கிய பெயர் ‘பான்சிகர்’. தூக்குக் கயிற்றைக் குறிக்கும் ‘பான்சி’யிலிருந்து வந்தது. நமக்குத் தெரிந்த ‘பாசக்கயிறு’ என்பதிலுள்ள பாசத்தோடு உறவுடைய சொல் அது. கன்னடத்தில் ‘தந்தி கள்ளரு’. தந்தியாலான சுருக்கை வீசும் கள்ளர் என்பது பொருள். தெலுங்கிலும் சுருக்குக் கயிற்றை வைத்தே பெயர் அமைந்தது. வடநாட்டார் கொள்ளையரின் தந்திரத்தைக் கண்டு பெயரிட்டனர். தென்னாட்டாரோ அவர்களின் கருவியைக் கண்டு பெயரிட்டனர்.

தமிழ்ப் பெயராக அவர் எழுதியிருப்பது ‘அரி துலுக்கர்’ என்பது. சுருக்கு வீசும் முஸ்லிம்கள் என்று அதற்கு அவர் பொருள் தருகிறார். ஆனால் அதே ஷெர்வுட், இக்கூட்டங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்தே இருந்தனர் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே பெயர் உண்மையைச் சொல்லவில்லை. சிலரின் குற்றத்தை ஒரு சமயத்தார் முழுவதன் மீதும் ஏற்றிவைத்த பெயர் அது. பின்னால் வரவிருந்த பெரிய பிழைக்கு இதனை ஒரு சிறிய முன்னோட்டம் எனலாம்.

இவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்பதற்கும் காலமே விடை தருகிறது. மைசூர்ப் போர்கள் முடிந்தன. பாளையங்களின் படைகள் கலைக்கப்பட்டன. ஆயுதம் ஏந்தியே பிழைத்தவர்கள் வேலையிழந்தனர். கொள்ளையில் பங்கு பெற்றுக்கொண்டு இவர்களுக்கு இடம் கொடுத்த பாளையக்காரர்களும் இருந்தார்கள். வறுமை, வேலையின்மை, அதிகாரத்தின் மறைமுக ஆதரவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் வழிப்பறி வளரும்.

சொல் சட்டமாகிறது

வட இந்தியாவில் இச்சொல் மிகப் பழையது. சுமார் 1290-ஆம் ஆண்டில் டில்லி சுல்தான் ஜலாலுத்தீன் கில்ஜி, பிடிபட்ட ஆயிரம் தக்குகளைக் கொல்லாமல் படகுகளில் ஏற்றி வங்காளத்துக்கு அனுப்பிவிட்டதாக வரலாற்றாசிரியர் பரணி எழுதியுள்ளார். 1810-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத்தலைவர் செயின்ட் லெகர், விடுமுறையில் ஊர் செல்லும் சிப்பாய்கள் ‘தக்கு’களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று ஆணை விடுத்தார். அது முதல் இச்சொல் ஆங்கில ஆவணங்களில் அடிக்கடி தலைகாட்டியது.

இதனை உலகறியச் செய்தவர் வில்லியம் ஸ்லீமன் (1788–1856). 1830-ஆம் ஆண்டு அக்டோபரில், பெயர் குறிப்பிடாத கடிதம் ஒன்று கல்கத்தா இதழில் வெளியாயிற்று. தக்குகள் அனைவரும் காளியின் பெயரால் கொலை செய்யும் ஒரே சமயக் கூட்டத்தார் என்று அது வருணித்தது. அதை எழுதியவர் ஸ்லீமன். 1835-இல் தக்கு ஒழிப்புப் பணியின் தலைமைக் கண்காணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். மறு ஆண்டில் தக்குகளின் மறைமொழி என்று கருதப்பட்ட சொற்களைத் தொகுத்து ‘ராமசீயானா’ என்ற நூலை வெளியிட்டார்.

அதே 1836-ஆம் ஆண்டில்தான் 30-ஆம் எண் சட்டம் வந்தது. வாசகர்கள் இச்சட்டத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவன் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னாரைக் கொன்றான் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. அவன் எப்போதாவது, சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, ஏதேனும் ஒரு தக்குக் கூட்டத்தைச் சேர்ந்திருந்தான் என்று காட்டினால் போதும். கடின உழைப்போடு கூடிய ஆயுள் சிறை. சான்று சொன்னவர்களில் பெரும்பாலோர் தம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அப்ரூவர்களாக மாறிய கைதிகள். அரசுக் கணக்கின்படி 1831 முதல் 1837 வரை 3,266 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களில் 412 பேர் தூக்கிலிடப்பட்டனர். 483 பேர் அரசுத் தரப்புச் சாட்சிகளாயினர். எஞ்சியோரில் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டனர் அல்லது ஆயுள் சிறை பெற்றனர்.

‘ஏமாற்றுக்காரன்’ என்பது ஒருவன் செய்யும் செயலைக் குறித்த சொல். யார் ஏமாற்றினாலும் அப்பெயர் பொருந்தும். ஏமாற்றுவதை விட்டால் பெயரும் விலகும். சட்டத்தில் ஏறியதும் அது ஒருவன் சேர்ந்த கூட்டத்தின் பெயராயிற்று. இனி அவன் எதை விட்டாலும் பெயர் அவனை விடாது.

கொலைகள் நடக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தன, அதில் ஐயமில்லை. பாதைகள் பாதுகாப்புப் பெற்றதும் நன்மையே. ஆனால் நாடு முழுவதும் ஒரே சமயம், ஒரே மறைமொழி, ஒரே பரம்பரை என்று இணைக்கப்பட்ட இரகசியக் கூட்டம் ஒன்று இருந்தது என்னும் கருத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர் பலர் ஏற்கவில்லை. பல்வேறு ஊர்களில், பல்வேறு காரணங்களால் வழிப்பறியில் இறங்கியவர்களை ஒரு சொல் ஒன்றாகக் கட்டிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

இலண்டன் சென்ற சொல்

ஹைதராபாத் நிஜாமிடம் பணியாற்றிய மெடோஸ் டெய்லர், 1839-ஆம் ஆண்டில் ‘ஒரு தக்கின் வாக்குமூலம்’ என்னும் நாவலை இலண்டனில் வெளியிட்டார். விக்டோரியா அரசியே அதை ஆவலோடு படித்தார் என்பர். நாவல் பரவியது, சொல்லும் பரவியது. கழுத்தை நெரிக்கும் கொடியவன் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. ஏமாற்றுபவன் என்ற மூலப்பொருள் மறைந்தது. பின்னர் இந்தியத் தொடர்பும் மறைந்து, எந்த நாட்டு முரடனுக்கும் அது பெயராயிற்று. அமெரிக்க இசைக் கலைஞர்கள் 1990-களில் அதை எடுத்து, ஒதுக்கப்பட்டவனின் வீறாப்புக்குப் பெயராக்கினர். அங்கிருந்து கைப்பேசி வழியாக அது மீண்டும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

இத்தகைய விதி வேறு சில சொற்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் வாண்டல்கள் என்ற இனத்தார் கி.பி. 455-இல் ரோம் நகரைச் சூறையாடினர். பொதுச்சொத்தை அழிப்பவனுக்கு இன்று ‘வாண்டல்’ என்று பெயர். ரோமைச் சூறையாடியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். பழி மட்டும் அவர்கள் பெயரில் நின்றுவிட்டது.

கதை எப்படிப் பெருகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். பெஹ்ராம் என்ற தக்கு 931 பேரைக் கொன்றதாகச் சாதனை நூல்களில் படித்திருப்பீர்கள். ஜேம்ஸ் பேட்டன் என்ற அதிகாரியின் கையெழுத்துப் படியில் உள்ள வாக்குமூலமோ வேறு. 931 கொலைகளின்போது கூட்டத்தோடு தான் இருந்ததாகவும், தன் கையால் நெரித்தது சுமார் 125 பேர் இருக்கலாம் என்றுமே அவர் கூறியிருக்கிறார். அதுவும் கைதி ஒருவரின் வாய்ச்சொல்தான். மூலத்தைத் தேடிப் பார்ப்பவர் சிலர். பெரிய எண்ணைத் திருப்பிச் சொல்பவர் பலர்.

பிறவிக் குற்றவாளி

‘கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றாலே குற்றவாளி’ என்ற கருத்து தக்குகளோடு நின்றுவிடவில்லை. 1871-ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. தச்சனின் மகன் தச்சன் ஆவதுபோல் திருடனின் மகன் திருடன் ஆகிறான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட வாதம். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், குற்றம் செய்யாதவராயினும், கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் இதை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய சட்டம், மனத்திலிருந்து நீங்க மேலும் பல காலம் ஆகிறது.

பிறப்பால் குற்றம் வரும் என்பதற்கு அறிவியலில் ஆதாரமில்லை. கண்ணின் நிறமும் இரத்தத்தின் வகையும் மரபணு வழியே வருகின்றன. வழிப்பறி அப்படி வருவதில்லை. அது பசியும் வாய்ப்பும் தண்டனையின்மையும் கூடும் இடத்தில் தோன்றி, அவை மாறும்போது மறைவது.

மீண்டும் மலைமேல்

இப்போது ஜமுனாமரத்தூருக்குத் திரும்புவோம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. வட ஆர்க்காடு 1989-இல் பிரிக்கப்பட்டபோது ஜமுனாமரத்தூர் புதிய திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்தது. எல்லைகள் மாறினாலும் மலை மக்கள் வேலை தேடிச் செல்லும் வழிகள் மாறவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று, அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். அவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் ஜவ்வாது மலையையும் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையையும் சேர்ந்த பழங்குடியினர் பலர். மோதலில் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அதன் மீது கேள்விகள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. செய்தி வந்த அன்றே பலர் வாயில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: கடத்தல்காரர்கள்.

அந்தப் பெயரைச் சற்று நிதானித்துப் பாருங்கள். செம்மரத்தின் இலாபம் கடல் கடந்து செல்கிறது. மலையிலிருந்து கூலிக்கு ஆள் திரட்டுபவர் தரகர்கள். நல்ல கூலி, நல்ல வேலை, கூடவே வருகிறோம் என்று நயமாகப் பேசி அழைத்துச் செல்லும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வழிப்போக்கரிடம் துணை சேர்ந்தவர்களின் பேச்சை நினைவூட்டுகிறது அல்லவா? சொல்லின் மூலப்பொருளின்படி பார்த்தால் இங்கே ‘தக்’ என்ற பெயருக்கு உரியவர் யார்? ஏமாந்து சென்றவரா, ஏமாற்றி அழைத்துச் சென்றவரா? மரம் வெட்டுவது சட்டப்படி குற்றமே. ஆனால் குற்றத்தை ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1836-ஆம் ஆண்டுச் சட்டம் மறந்த பாடம்.

ஜமுனாமரத்தூருக்கு அருகே காவலூரில் வானாய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1986-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, பல்லாண்டுகளுக்கு முன் புறப்பட்ட விண்மீன் ஒளியைப் பிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. சொற்களும் நெடுந்தொலைவிலிருந்தே நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றின் பின்னோக்கிய பாதையை அறிய பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல அகராதி ஒன்றும், சற்றுப் பொறுமையும் போதும். இனி யாரேனும் ஒரு கூட்டத்தை ஒரே சொல்லால் சுட்டும்போது, அச்சொல்லை யார், எப்போது, எதற்காக இட்டார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மறைப்பதைக் குறித்த வேரிலிருந்துதான் மறைத்ததை வெளிப்படுத்துவதைக் குறிக்கும் சொல்லும் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.